தோட்டத்துக்கு மான் வந்தால்...

மந்தைவெளி என்ற பெயரை எப்போதாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மந்தை மேயும் வெளி! ஒரு காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கத்து ஆடுமாடுகள் மேய்ந்த இடம் இது. இன்று இங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. பறக்கும் ரயில் நிலையமும் அடுக்குமாடி வீடுகளுமே இருக்கின்றன.

ஆனாலும் என் வீட்டின் பின்புறம் ஒரு சப்போட்டா மரம், ஒரு பப்பாளி மரம், நாலு செம்பருத்திச் செடிகள் உண்டு. இந்தச் சிறிய இடத்தை நம்பி வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பொழுது விடிந்ததும் அணில்கள். பிறகு கிளிகள். மதில் ஓரமாகப் பூச்சி தேடி நடக்கும் செம்போத்து. எப்போதாவது குறுக்கே ஓடும் கீரி. இருட்டியதும் பழந்தின்னி வௌவால். எல்லோரும் உறங்கிய பிறகு, மொட்டை மாடியில் ‘தொப்’ என்று ஓர் ஓசை. அது மரநாய்.

பெயரில் நாய் இருந்தாலும் மரநாய் நாயினம் அன்று. புனுகுப் பூனைக்கு உறவு. பழுத்த பப்பாளியை அதுதான் முதலில் ருசி பார்க்கும். தின்ற பழத்தின் விதைகளை வேறு எங்கோ எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும். யாரும் நடாத இடத்தில் ஒரு கன்று முளைத்தால், தோட்டக்காரர் இவராகவும் இருக்கலாம்.

இருட்டில் இரண்டு விளக்குகள்

ஓர் இரவு ஓசை கேட்டு டார்ச் விளக்குடன் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டு ஒளிப் புள்ளிகள். உடன் வந்த என் மகள், “அப்பா, அதன் கண்ணில் விளக்கு எரிகிறது!” என்றாள்.

கண்ணில் விளக்கு ஏது? இரவில் நடமாடும் பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால், கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே நுழையும் ஒளியில் ஒரு பகுதியை விழித்திரை பிடிக்கிறது. தப்பிய ஒளியை இப்படலம் திருப்பி அனுப்ப, விழித்திரைக்கு அதைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. அப்போதும் தப்பியதுதான் வெளியே வந்து நம் கண்ணில் படுகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இரவில் சற்றுத் தொலைவில் நிற்கும் பூனையின் பக்கம் டார்ச்சைக் காட்டுங்கள். முதலில் விளக்கை இடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். எப்போது பூனையின் கண் அதிகமாக மின்னுகிறது? கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கும்போதுதான். திரும்பும் ஒளி ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது என்பதற்கு இதுவே சான்று. சைக்கிளின் பின்புறச் சிவப்பு வில்லையும் அப்படியே ஒளியைத் திருப்புகிறது. ஒரு நொடி பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது கூசும்.

மானின் கண்ணிலும் இந்தப் படலம் உண்டு. “மந்தைவெளிக்கு மான் வருமா?” என்று கேட்கிறீர்களா? இங்கே வராது. ஆனால் அடையாற்றைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் மான் வரும் தோட்டங்களையே காணலாம்.

நகரத்துக்குள் ஒரு காடு

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 270 ஹெக்டேர். பெருநகரத்தின் நடுவே தேசியப் பூங்கா அமைவது உலகிலேயே அரிது. 1910ஆம் ஆண்டில் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு சுமார் 505 ஹெக்டேர். பிறகு கல்வி நிலையங்களுக்கும் நினைவகங்களுக்கும் இதிலிருந்து நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இக்காட்டு நிலத்தில் எழுந்ததுதான். எஞ்சிய காடு 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

நிலம் கைமாறியது மானுக்குத் தெரியுமா? அது தன் பாட்டன் மேய்ந்த வழியில்தான் நடக்கிறது. ‘மான் நம் தோட்டத்துக்கு வந்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் நம் தோட்டம்தான் மானின் இடத்துக்குப் போயிருக்கிறது.

இங்கே இரு வகை விலங்குகளை மான் என்று சொல்கிறோம். ஒன்று புள்ளிமான். இதில் ஆண் மானுக்கு மட்டும் கிளைத்த கொம்பு உண்டு. அது விழுந்து விழுந்து மறுபடி முளைக்கும். மற்றொன்று முறுக்கிய கொம்புடைய வெளிமான். அதன் கொம்பு விழுவதில்லை, கிளைப்பதும் இல்லை. பெயருக்கேற்ப வெளிமான் திறந்த புல்வெளியை விரும்பும். வீட்டு வாசல் வரை வந்து செடியைக் கடிப்பவர் பெரும்பாலும் புள்ளிமான்தான்.

என் தமக்கை இந்தக் காட்டை ஒட்டிய ஒரு வளாகக் குடியிருப்பில் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே விடியற்காலையில் கதவைத் திறந்தால் பனித்துளி படிந்த புல்லில் நாலைந்து பிணைமான்கள் நிற்கும். காதுகள் மட்டும் நம் பக்கம் திரும்பும். சிறுகுச்சி ஒடிந்தால்கூடத் தலைகள் நிமிரும். அந்தக் காட்சிக்காகவே விடுமுறை நாளில் நாங்கள் அங்கே போவோம்.

ஆனால் தமக்கையின் கணக்கு வேறு. ரோஜாக் கொழுந்து போயிற்று, கீரைப் பாத்தி போயிற்று, செம்பருத்தி மொட்டையாயிற்று. “அணில் கடித்ததாக இருக்கலாமே?” என்றேன். அவர் ஓர் இலையைக் கொண்டுவந்து காட்டினார். நுனி கிழிந்து நார்நாராக இருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்ப் பற்களுக்கும் மேல் ஈறுக்கும் இடையே இலையைப் பற்றி இழுத்துத்தான் அது தின்னும். அதனால் ஓரம் கிழிந்திருக்கும். அணிலோ கத்தரித்ததுபோல் வெட்டும். கடித்தவர் யாரென்று இலையே சொல்லிவிடுகிறது!

ஒரு பொங்கல் நாளில்

இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது நினைவிருக்கலாம். கிண்டிக் காட்டிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அடுத்த மாதம் பொங்கலுக்குத் தமக்கை வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் ஒரு பிணைமான் நின்றது. “பாவம், புயலில் தீனி கிடைத்திருக்காது” என்று எனக்குத் தோன்றியது. வீட்டிலிருந்து கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலில் ஒரு பங்கை இலையில் வைத்துப் புல்லில் வைத்தேன். கொண்டுபோன பிளாஸ்டிக் பையை மதில்மேல் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

மான் பொங்கலைத் தின்றது. மகளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே கூவினாள்: “அப்பா, பையையும் தின்கிறது!” வெல்ல வாசனை ஏறிய பை அல்லவா? நான் ஓடிப் போவதற்குள் பையின் கடைசி மூலையும் வாய்க்குள் போய்விட்டது. மான் மதிலோரமாக நடந்து மறைந்தது.

அன்று இரவு நான் படித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வயிற்றுக்குள் ஒரு மாவுப் பானை

மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறை மிகப் பெரியது. அதற்கு ரூமன் என்று பெயர். இட்லி மாவு வைத்த பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானைக்குள் நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்க வைப்பதுபோல், ரூமனுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் நொதிக்க வைக்கின்றன. மானால் தானே செரிக்க முடியாத நார்ப்பொருளை அவை உடைத்துக் கொடுக்கின்றன. இது மெதுவாக நடக்கும் வேலை.

இதற்குள் திடீரென்று சோறும் வெல்லமும் விழுந்தால் என்ன ஆகும்? மாவுச்சத்தும் சர்க்கரையும் மிக வேகமாக நொதிக்கும். லாக்டிக் அமிலம் பெருகும். பானை புளித்துப் பொங்கிவிடும்! அமில அளவு கூடக்கூட, நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன.

தொல்லை அதோடு நிற்பதில்லை. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிவிடும் அல்லவா? செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் இழுக்கப்படும் என்ற சவ்வூடு பரவல் விதிதான் அதற்குக் காரணம். அதே விதிப்படி, அமிலம் நிறைந்த ரூமன் இரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. வயிறு நிறையத் தண்ணீர் இருந்தும் உடல் வறண்டுபோகிறது. அளவு மிஞ்சினால் மான் இறந்தே போகும். சோற்றில் விஷம் எதுவும் இல்லை. அதை ஏற்கும் வயிறு வேறு, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் பையின் கதை இன்னும் கொடியது. முதல் இரண்டு அறைகளிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழி ஒரு சல்லடை போன்றது. நன்றாக அரைபட்டு, சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதான துணுக்குகளே அதைக் கடக்கும். பிளாஸ்டிக்கை நுண்ணுயிர்கள் உடைப்பதில்லை. பற்கள் அரைப்பதும் கடினம். எனவே அது அங்கேயே தங்கி, அடுத்த பையுடன் முறுக்கிக்கொண்டு உருண்டையாகிறது. வயிறு நிறைந்திருப்பதாக மானுக்குத் தோன்றும். ஆனால் உடலுக்கு உணவு சேராது. நிறைந்த வயிற்றோடு பட்டினி!

ஜப்பானில் நாரா நகரத்துப் பூங்காவில் மான்கள் சுற்றுலாப் பயணிகளிடையே தாராளமாகத் திரிகின்றன. தவிடும் மாவும் கலந்து சர்க்கரை சேர்க்காமல் செய்த பிஸ்கட்டை மட்டுமே அவற்றுக்குக் கொடுக்கலாம் என்பது அங்கே விதி. அப்படியிருந்தும் 2019இல் இறந்த மான்கள் பலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒரு மானின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோகிராம்! ஒரு மெல்லிய பையின் எடை 5 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 860 பைகள்.

கிண்டியிலும் மான்கள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்திருக்கின்றன. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் இத்தகைய பைகளுக்குத் தடை இருக்கிறது. ஆனால் தெருக்குப்பையில் அவை இன்னும் கண்ணில் படத்தானே செய்கின்றன?

தீனி வைத்தால் யார் வருவார்?

“பையை எடுத்துவிட்டு நல்ல புல்லாக வைக்கலாமே?” என்று சிலர் கேட்கக்கூடும். தினமும் ஓரிடத்தில் தீனி வைத்தால் மான்கள் அங்கே கூடும். மனிதரைக் கண்டு ஒதுங்கும் அச்சம் குறையும். மீந்த தீனிக்கு எலி வரும். குப்பைக்கு நாய் வரும். தெருநாய்க் கூட்டம் துரத்தினால் மான் சாலைக்கு ஓடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அத்தனை தூரம் போய்விடும்.

மனிதருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆண் மான் சாதுவாகத் தோன்றினாலும், இனப்பெருக்கக் காலத்தில் அதன் கொம்புக்கு முன்னால் நிற்கக்கூடாது. மானின் உடலில் உள்ள உண்ணிகள் தோட்டத்துப் புல்லிலும் விழும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கீரைக்கும் ரோஜாவுக்கும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை கட்டுங்கள். மற்றதை மானுக்கு விட்டுவிடுங்கள். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். சாப்பாட்டுப் பொருள் சுற்றி வந்த பையையோ தாளையோ வெளியே வைக்காதீர்கள். புதரடியில் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைக் கண்டால் தூக்காதீர்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். அடிபட்ட விலங்கைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

காட்டருகே இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், வந்த விலங்கு அல்லது பறவை, அது எதைத் தின்றது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மந்தைவெளி மாடியில் இருந்தாலும் பக்கம் நிறையும்.

தமக்கை வீட்டுக்கு அதன்பின் பலமுறை போனோம். ஒவ்வொரு முறையும் என் மகள் மான்களை எண்ணிவிட்டு, “அன்று வந்தது இதில் இருக்கிறதா, அப்பா?” என்று கேட்பாள். எல்லாமே ஒரே மாதிரிப் புள்ளிகள். எனக்கு அடையாளம் தெரிந்ததே இல்லை.

உங்கள் தோட்டத்துக்கு மான் வந்தால் கையை நீட்டாதீர்கள். பையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, சன்னலருகே சத்தமின்றி நின்று பாருங்கள்.