நுரையீரல் ஆபரேஷனுக்கு முன்னால் மாடிப்படி எதற்கு?

எங்க படப்பை பக்கம் யாருக்காவது இருமல் விடாம இருந்தா, "தாம்பரம் சானடோரியத்துல போய்க் காட்டு" என்பதுதான் முதல் யோசனை. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து ஆரம்பித்த இடம். (இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார்.) அந்தக் காலத்து வைத்தியம் சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்றைக்குக் கட்டி இருந்தால் நுரையீரலில் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க முடியும்.

எங்க பெரியப்பாவுக்கு வலது நுரையீரலில் கட்டி. "ஊதுற டெஸ்ட் எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு, இப்ப மாடிப்படி ஏறிக் காட்டணுமாம். ஆபரேஷன் பண்ண இஷ்டமில்லையோ என்னவோ" என்று சலித்துக்கொண்டார். அவருக்கு விளக்குவதற்காகப் படித்ததுதான் இது.

டாக்டர்கள் பார்ப்பது இப்போது எவ்வளவு மூச்சு இருக்கிறது என்பதை மட்டும் இல்லை. வெட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான். இரண்டு நுரையீரலையும் சேர்த்து 19 கூறுகளாகக் கணக்கு வைக்கிறார்கள். வலது 10, இடது 9. ஒருவர் முதல் ஒரு நொடியில் 1.8 லிட்டர் ஊதுகிறார்னு வைங்க. அவர் வயசுக்கும் உயரத்துக்கும் 2.4 லிட்டர் இருக்கணும். வலது மேல் மடலை, அதாவது 3 கூறுகளை, எடுத்தால் மிஞ்சுவது 16. அப்போ 1.8 × 16/19, சுமார் 1.5 லிட்டர், இருக்க வேண்டியதில் 63 சதவீதம். வலது நுரையீரல் முழுசும் போனால் 0.85 லிட்டர்தான், 35 சதவீதம். ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு இறங்குகிறது என்ற இன்னொரு டெஸ்டுக்கும் இதே கணக்கு. இரண்டுமே 60-க்கு மேல் என்றால் பெரும்பாலும் தைரியமாகப் போகலாம். ஏதாவது ஒன்று 30-க்குக் கீழே என்றால் நேராக சைக்கிள் மிதிக்க வைத்து ஆக்ஸிஜன் அளக்கும் டெஸ்ட். நடுவில் மாட்டுபவர்களுக்குத்தான் மாடிப்படி.

இதில் ஒரு விஷயம் நம்ம ஊருக்கு முக்கியம். பழைய காசநோயில் ஒரு பக்கம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் 19 கூறு கணக்கு பொய் சொல்லும். வேலை செய்யாத பக்கத்தை எடுத்தால் இழப்பு குறைவு. நல்ல பக்கத்தில் கை வைத்தால் ஆபத்து. அதனால்தான் எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

மாடிப்படியில் 22 மீட்டர் உயரம் ஏற முடியணும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் வைத்தால் ஏழு மாடி! ஏறும்போது நுரையீரல், இதயம், கால் தசை மூன்றும் ஒன்றாக உழைக்கணும். தனித்தனி ரிப்போர்ட் அதைக் காட்டாது. ஏற முடியலைன்னா ஆபரேஷன் இல்லை என்று அர்த்தமில்லை, அடுத்து சைக்கிள் டெஸ்ட். அதில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிக்கு மேல் என்றால் நல்லது; 10-க்குக் கீழே என்றால் சின்ன ஆபரேஷனோ வேறு சிகிச்சையோ யோசிப்பார்கள். முன்பு மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு இருந்தவர்களை, இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குபவர்களை, முதலில் இதய டாக்டரிடம் அனுப்புவார்கள்.

வீட்டில் தனியாக ஏறிப் பார்க்க வேண்டாம், விரலில் ஆக்ஸிஜன் கருவியோடு ஆள் பக்கத்தில் இருக்கணும். பீடி, சிகரெட்டை நிறுத்தி, நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் செய்தால் ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு கூடும். பெரியப்பா பீடியை விட்டு மூணு வாரம் ஆகுது. மாடிப்படி டெஸ்ட் வர்ற வியாழக்கிழமை.