லினக்ஸில் பாகப்பிரிவினை: அன்றும் இன்றும்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தயங்கிய இடம் ஒன்று உண்டு: ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது. எஃப்டிஸ்க் என்ற கருவி கறுப்புத் திரையில் ஓர் எழுத்துக்காகக் காத்திருக்கும். 'எம்' தட்டினால் உதவி, 'பி' தட்டினால் இருக்கிற பாகங்களின் பட்டியல், 'என்' தட்டினால் புதுப் பாகம். 'டபிள்யூ' தட்டும்வரை வட்டில் எதுவும் எழுதப்படாது. பயம் வந்தால் 'க்யூ' தட்டி வெளியே வந்துவிடலாம். பார்க்க அழகில்லைதான். ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்பதை ஒரே மாலையில் முழுதாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

தொல்லை பிறகுதான் தொடங்கும். பாகப்பிரிவினை முடிந்த வீடு போல, நடுச்சுவர் எழுந்தபின் இந்தப் பக்கத்து இடம் அந்தப் பக்கத்துக்கு உதவாது. முதன்மைப் பாகங்கள் நான்குக்கு மேல் கூடாது. பதிவுக் கோப்புகள் பெருகி ஒரு பாகம் நிரம்பி சர்வர் திணறும். பக்கத்துப் பாகம் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். எல்லாவற்றையும் டேப்பில் எடுத்துவைத்து, வட்டை அழித்து, மறுபடி பிரித்து, திரும்பக் கொட்டுவதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்த வழி.

ஹெச்பி-யுஎக்ஸில் ஏற்கெனவே இருந்த அமைப்பை ஒட்டி, 1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) எழுதினார். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் அது இடம்பெற்றது. 2003 இறுதியில் 2.6 கெர்னல் டிவைஸ் மேப்பரோடு வந்தது; இன்றைய எல்விஎம்2 நிற்பது அதன் மேல்தான். வட்டுகளை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ப்பது, தொகுப்பை இயல்பாக 4 எம்பி துண்டுகளாகப் பார்ப்பது, தேவையான துண்டுகளைச் சேர்த்து ஒரு வால்யூம் ஆக்குவது. அவ்வளவுதான் கருத்து. இடம் போதவில்லையா, புது வட்டைத் தொகுப்பில் சேர்த்து, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்யூமை நீட்டிவிடலாம். பழைய டேப் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது.

இன்று அதே வேலையைப் பாருங்கள். மெய்நிகர் சர்வர் ஒன்றின் வட்டை 50 ஜிபியிலிருந்து 100 ஜிபி ஆக்குகிறோம். முதலில் குரோபார்ட் கொண்டு பாகத்தை நீட்ட வேண்டும். பிறகு பிவிரீசைஸ். பிறகு எல்விஎக்ஸ்டெண்ட். கடைசியில் கோப்பு முறைமை: அது எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், அதற்குச் சாதனத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ், அதற்கு மவுன்ட் செய்த இடத்தைக் கொடுப்பது வழக்கம். கருவிகள் வெவ்வேறு மென்பொருள் தொகுப்புகளிலிருந்து வருகின்றன, எழுதுகிறவர்களும் வெவ்வேறு குழுவினர். ஒவ்வொன்றின் கையேட்டுப் பக்கமும் தன்னளவில் சரியானதே. ஆனால் இதற்குப் பின் இது என்ற வரிசையை முழுதாகச் சொல்லும் பக்கம் அவற்றில் ஒன்றும் இல்லை. எல்விஎக்ஸ்டெண்டுக்கு 'ஆர்' என்ற ஒரு தெரிவைக் கொடுத்தால் கடைசி இரண்டு படிகளையும் அதுவே சேர்த்து முடித்துவிடும். தினமும் தேவைப்படும் இந்தத் தெரிவு, யாரும் தொடாத பல தெரிவுகளுக்கு நடுவே அதே சிறிய எழுத்தில் கிடக்கிறது. என் பார்வையில் குறை இங்கேதான் இருக்கிறது: கட்டளைகள் விளக்கப்பட்டிருக்கின்றன, வேலை விளக்கப்படவில்லை.

ஒரு காலத்தில் வேலையை விளக்கும் ஆவணம் இருந்தது. லினக்ஸ் டாக்குமென்டேஷன் புராஜெக்டின் எல்விஎம் ஹவ்டு, தொகுப்பு என்றால் என்ன என்பதில் தொடங்கி, பழுதாகப்போகும் வட்டை எப்படிக் கழற்றுவது என்பதுவரை படிப்படியாகக் கொண்டுபோகும். 2006-க்குப் பிறகு அதைத் திருத்துவார் இல்லை. ரெட் ஹேட் தந்துவந்த சிஸ்டம்-கான்ஃபிக்-எல்விஎம் என்ற வரைகலைக் கருவி, வட்டையும் வால்யூமையும் படமாகவே காட்டும். 2014-இல் வந்த ஆர்எச்இஎல் 7-இல் அது இல்லை. சிஸ்டம் ஸ்டோரேஜ் மேனேஜர் என்ற எளிய கட்டளைக் கருவி ஆர்எச்இஎல் 7-இல் இருந்தது, 8-இல் அதையும் காணோம். இப்போது உலாவியில் இயங்கும் காக்பிட் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கற்றுப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

உபுண்டு சர்வரை 500 ஜிபி வட்டில் இயல்பான தெரிவுகளோடு நிறுவிவிட்டு டிஎஃப் தட்டினால் தெரிவது 98 ஜி. மீதி எங்கே? வட்டு பழுதோ என்று சந்தேகப்பட்டு மாற்றித்தரச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் ஒன்றும் தொலையவில்லை. 200 ஜிபிக்கு மேற்பட்ட தொகுப்பில், நிறுவும் நிரல் 100 ஜிபியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பிறகு வேண்டியபடி பயன்படுத்தத் தொகுப்பிலேயே விட்டுவைக்கிறது. நியாயமான முடிவுதான். நிறுவும்போது திரையில் காலியிடம் என்று காட்டவும் செய்கிறது. ஏன் விட்டது, எப்படி எடுத்துக்கொள்வது என்று மட்டும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு டிஎஃப் காட்டும் பெயர் /டெவ்/மேப்பர்/உபுண்டு--விஜி-உபுண்டு--எல்வி. தொகுப்பையும் வால்யூமையும் பிரிக்கும் கோடு ஒன்று. பெயருக்குள் ஏற்கெனவே கோடு இருந்தால் குழம்பாமலிருக்க அதை இரட்டிப்பார்கள். காரணம் தெரிந்தவருக்குச் சரி. புதிதாக வந்தவர் பிழை என்றே நினைப்பார்.

இதெல்லாம் வட்டு நிர்வாகத்தின் தலைவிதி என்று ஏற்க எனக்கு மனமில்லை. வட்டுத் தொகுப்பையும் கோப்பு முறைமையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ்ஸில் அன்றாட வேலைகள் இசட்பூல், இசட்எஃப்எஸ் என்ற இரண்டு கட்டளைகளில் முடிகின்றன. ஃபெடோராவும் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு அதே வகையைச் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ்ஸை இயல்பாக்கியது.

எல்விஎம்மும் மாறாமல் இல்லை. வால்யூமைச் சுருக்கும்போது கோப்பு முறைமையை முதலில் சுருக்க வேண்டும். எல்விரெட்யூசை முந்திக்கொண்டு ஓடவிட்டால் வால்பக்கத்துத் தரவு போய்விடும். அன்று அதற்கு ஓர் எச்சரிக்கை வரும், 'ஒய்' தட்டினால் வெட்டிவிடும். அண்மைப் பதிப்புகள் கோப்பு முறைமையின் அளவைத் தாமே பார்க்கின்றன. அதையும் சுருக்கியாக வேண்டும் என்றால் மறுத்துவிடுகின்றன. எழுதும்போது மட்டும் இடம் ஒதுக்கும் தின் பூலுக்கு, ரெய்டுக்கு, கேஷுக்கு என்று தனித்தனிக் கையேட்டுப் பக்கங்களும் வந்திருக்கின்றன. தின் பூல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தால்தான் தெரியும், அமைப்புக் கோப்பில் தானாக நீள்வதற்கான வரம்பு இயல்பாக 100 என்று இருப்பதற்கு, அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். பூல் நிரம்பி எழுதும் வேலைகள் நின்றபிறகு அந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.