நாற்காலிக்கு ஓட்டு – 9: மிச்சச் சோறு யாருக்கு?

பிணத்தைப் பார்த்துச் சாவுக்குக் காரணம் சொல்லும் கரோனரையும் அமெரிக்காவில் பல கவுண்டிகளில் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஷெரீப். கைதிகளுக்குப் பாதி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி என்று பங்கிட்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அலபாமா மாநிலத்தின் சிறைச் சாப்பாட்டுக் கணக்கு குறுக்கே வந்து, பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டது.

சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீப் என்றொரு கௌரவப் பதவி இருந்தது. அமெரிக்க ஷெரீப் அப்படி அலங்காரத்துக்கு இருப்பவர் அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி மக்களே ஓட்டுப் போட்டு, வழக்கமாக நான்காண்டுக்கு, அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று மாற்றல் உத்தரவு போட மேலே யாரும் இல்லை. ரோந்து, சம்மன், ஜப்தி எல்லாம் அவர் பொறுப்பு. கவுண்டி சிறையும் பெரும்பாலும் அவர் கையில்தான். அங்கே இருப்பவர்களில் பெரும்பகுதியினர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள்; ஜாமீன் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் ஏராளம். அதே அலுவலகத்தின் டெபுடிதான் பல ஊர்களில் துப்பாக்கியோடு பள்ளிக்கூடத்தில் காவல் நிற்கிறார், வகுப்புக்கு வந்து பாடமும் நடத்துகிறார். ஆக, ஷெரீப்பிடம் வேறு வழியில்லாமல் தங்களை ஒப்படைத்திருப்பவர்கள் கைதிகளும் குழந்தைகளும். குழந்தைக்கு ஓட்டு இல்லை. விசாரணைக் கைதிக்குச் சட்டப்படி உண்டு, ஆனால் பல சிறைகளில் அதைப் போட வழியில்லை. சிகாகோவின் குக் கவுண்டி சிறைக்குள்ளேயே வாக்குச்சாவடி வந்தது 2020இல்தான். தேர்தல்தான் ஷெரீப்புக்குக் கடிவாளம் என்றால், அது இவர்கள் இருவர் கைக்கும் எட்டாத கடிவாளம் என்பதே என் வாதம்.

அலபாமாவுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சட்டப்படி, கைதி ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 டாலர் 75 சென்ட் வீதம் மாநில அரசு சாப்பாட்டுக்குக் கொடுத்து வந்தது. பற்றாக்குறை வந்தால் ஷெரீப்பின் கைக்காசு. மிச்சம் விழுந்தால் அதுவும் அவருக்கே என்றுதான் பல ஷெரீப்கள் அந்தச் சட்டத்துக்குப் பொருள் கொண்டார்கள். கைதியின் தட்டில் குறைவது அப்படியே ஷெரீப்பின் பைக்குப் போகும் ஏற்பாடு! மார்கன் கவுண்டி ஷெரீப் கிரெக் பார்ட்லெட் மூன்றாண்டில் இப்படி எடுத்துக்கொண்டது 2 லட்சத்து 12 ஆயிரம் டாலர். சாசேஜைக் குச்சியில் செருகி, சோளமாவில் தோய்த்துப் பொரித்து எடுப்பதற்கு கார்ன் டாக் என்று பெயர். அது ஒரு லாரி லோடு 500 டாலருக்கு வந்தது. பக்கத்து கவுண்டி ஷெரீப்போடு பங்கு போட்டு வாங்கி, வாரக்கணக்கில் நாளுக்கு இரண்டு வேளை அதையே போட்டார். 2009 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி யு.டபிள்யூ. க்ளெமன் ஷெரீப்பையே பிடித்துச் சிறையில் வைத்தார். ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு மறுநாள் விட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவருக்கு அடுத்து வந்த ஷெரீப் அனா ஃபிராங்க்ளின், சாப்பாட்டுப் பணம் சாப்பாட்டுக்கே என்ற கோர்ட் உத்தரவு நடப்பில் இருந்தபோதே அதிலிருந்து 1 லட்சத்து 50 ஆயிரம் டாலரை ஒரு கார் வியாபாரத்தில் போட்டார். 2017இல் கோர்ட் அவமதிப்புக்கு ஆளானார். எடோவா கவுண்டி ஷெரீப் டாட் என்ட்ரெகின், மூன்றாண்டில் ஏழரை லட்சம் டாலருக்குக் குறையாமல் இந்த வழியில் வந்ததாகத் தாமே அரசுக்குக் கணக்குக் கொடுத்திருந்தார். அவர் வீட்டுப் புல்லை வெட்டிய இளைஞருக்குக் கூலியாகக் கிடைத்த காசோலையில், கணக்கின் பெயராக ‘உணவு வழங்கல்’ என்றே அச்சாகியிருந்தது. சட்டப்படிதான் நடந்தேன் என்றார் என்ட்ரெகின்.

இங்கே ஒரு மறுப்பு வரும். செய்தி வெளியானதும் 2018 ஜூன் உட்கட்சித் தேர்தலில் என்ட்ரெகின் தோற்றாரே, ஓட்டு வேலை செய்ததே என்று கேட்கலாம். செய்தது, ஆளை மாற்றியது. ஏற்பாட்டை மாற்றவில்லை. மார்கன் கவுண்டியிலும் ஆள் மாறினார், மிச்சப் பணத்தின் ஆசை மாறவில்லை. பணம் ஷெரீப்பின் சொந்தக் கைக்குப் போகக் கூடாது என்று 2018 ஜூலையில் ஆளுநர் கே ஐவி உத்தரவிட்டார். 2019இல் தனிக் கணக்கு கட்டாயம் என்று சட்டமே வந்து, தொகையும் 2 டாலர் 25 சென்ட் ஆனது. சிறைக்குள் பசித்தவர்களின் குரலை வெளியே கொண்டுவந்தது கோர்ட்டும் பத்திரிகையும்தான். ஓட்டுப்பெட்டி கடைசியில் வந்து சேர்ந்துகொண்டது.

குழந்தைகள் விஷயம் வேறு, அவர்களுக்காகப் பெற்றோர் ஓட்டுப் போடுகிறார்களே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்த ஷெரீப்பும் அரை வயிற்றுக் கணக்குப் பார்க்கத் துணியமாட்டார். ஆனால் பெற்றோர் ஓட்டுப் போடுவது கண்ணுக்குத் தெரிவதற்கு. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் போலீசும் பள்ளித் துறையும் சேர்ந்து தொடங்கிய ‘டேர்’ என்ற போதை எதிர்ப்புப் பாடம் நாடெங்கும் பரவியது; சீருடை டெபுடி வகுப்புக்கு வருவார், பிள்ளைகளுக்கு டீ-ஷர்ட் கிடைக்கும். பிள்ளைகள் பிற்பாடு போதைப்பொருளைத் தொடுவதை அந்தப் பாடம் தடுக்கவில்லை என்று 1990களிலேயே ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2001இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையும் பலனற்றவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தது. இருந்தும் அதை நிறுத்தத் துணிந்தவர்கள் குறைவு. பெற்றோருக்குப் பிடித்த ஒன்றைக் கைவிட்டுவிட்டு எந்த ஷெரீப் ஓட்டுக் கேட்கப் போவார்? கைதிக்குப் பேச ஆளில்லாததால் சோறு குறைந்தது. பிள்ளைக்குப் பேசியவர்கள் பலனைக் கேட்காததால் வெறும் காட்சி மிஞ்சியது.

அப்படியானால் ஷெரீப் தேர்தலையே ஒழித்துவிடலாமா? வேண்டாம். நியமனம் வந்தால் எஜமானர் மாறுவார், கைதியின் தட்டு மாறாது. தேர்தலால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டாமல் இருந்தால் போதும்: சாப்பாட்டுப் பணம் தனிக் கணக்கில், தணிக்கை வெளியார் கையில், பள்ளித் திட்டம் நீடிப்பது அதன் பலனைப் பொறுத்து. துப்பாக்கியோடு பள்ளியில் நிற்கும் டெபுடியைப் பற்றி இந்த வாரமே எழுதியிருக்க வேண்டும், கார்ன் டாக் இடத்தைத் தின்றுவிட்டது. 2018இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுடப்பட்டுச் செத்தபோது கட்டடத்துக்குள் போகாமல் வெளியே நின்ற டெபுடியை ஜூரி ஏன் விடுதலை செய்தது என்பதிலிருந்து அடுத்த வாரம்.