குரல் மாறினும் குழு மாறாமை

பாட்டைக் கேட்டவுடன் பாடியவர் யாரென வினவுதல் உலக வழக்கு. அவ்வினாவுக்கு ஒரு பெயரால் விடை கூறவியலாத குழுவொன்று 1975 தொடக்கம் 1990 வரை இங்கிலாந்திலே இயங்கிற்று. ‘அலன் பார்சன்ஸ் புறொஜெக்ற்’ என்பது அதன் பெயர். குழு என்னாது ‘திட்டம்’ எனப் பொருள்படும் சொல்லை அவர்கள் தெரிந்தமையே அதன் இயல்பைப் புலப்படுத்தும்.

நிலையாயிருந்த தலைவர் இருவரே. அலன் பார்சன்ஸ் இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவு நிலையத்திற் பயின்றவர். பிங்க் ஃபுளொயிட் குழுவினர் 1973 இல் வெளியிட்ட ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ என்னும் இசைத்தட்டின் ஒலிப்பதிவாளர். எரிக் வூல்ஃப்சன் கிளாஸ்கோவிற் பிறந்த பாடலாசிரியர். பார்சன்ஸுக்கு முகவராகவும் அமைந்தவர். திரைப்படத்தில் நடிகரினும் நெறியாளர் பெயர் முன்னிற்கத் தொடங்கியதை நோக்கிய வூல்ஃப்சன், இசைத்தட்டிலும் தயாரிப்பாளர் முதன்மை பெறலாம் எனக் கருதினார். அக்கருத்தின் விளைவே இம்முயற்சி.

இவர்தம் முறை எளிது. வாத்தியகாரர் பெரும்பாலும் பழகியவரே. இயன் பெயர்ன்சனின் கிற்றார் எல்லா இசைத்தட்டுக்களிலும் ஒலிக்கும். பாடுவோர்க்கு வழிகாட்டும்பொருட்டு வூல்ஃப்சன் முதலிற் பாடிப் பதிவு செய்வார். அதன்பின் பாட்டின் பொருளுக்கு இயைந்த குரலைத் தேடி அழைப்பர். 1976 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு எட்கார் அலன் போவின் ஆக்கங்களைத் தழுவியது. அதிற் கொலைகாரன் ஒருவன் பித்தேறிப் பேசுவதாயமைந்த பாட்டை ஆர்தர் பிறௌண் அலறிப் பாடினார். 1982 இல், முதுமையை எண்ணி அமைதியுறும் ஒரு பாட்டுக்குக் கொலின் பிளன்ஸ்ரனின் மென்குரல் வாய்த்தது. இவ்விரு குரல்களையும் ஒருவரிடமே எதிர்பார்த்தல் எங்ஙனம்? கூத்திலே வேடத்துக்கு ஏற்ற ஆளைத் தெரியும் அண்ணாவியார் தொழில் போன்றதே இது.

ஆயினும் இதற்கு விலையும் உண்டு. அக்காலத்தில் இவர்கள் நாடு நாடாய்ச் சென்று கச்சேரி செய்தாரல்லர். பாட்டு வீடுதோறும் புகுந்தது, முகம் புகவில்லை. அதனினும் நுட்பமானது வூல்ஃப்சனின் நிலை. தம் பாட்டைப் பிறர் பாடக் கேட்டிருந்த அவர், 1980 இலேயே ‘ரைம்’ என்னும் பாட்டில் முதன்முறையாகத் தனிக்குரல் கொடுத்தார். 1982 இல் அவர் பாடிய ‘ஐ இன் த ஸ்கை’ அமெரிக்க வரிசையில் மூன்றாமிடம் எய்தியது. குழுவின் பாட்டுக்களுள் அந்நாட்டில் அதனினும் மேலேறியது பிறிதில்லை! வழிகாட்டற்கென வைத்த குரலே வாகை சூடிற்று. குரலைத் தெரியும் கொள்கை பிழையென இதனாற் கூறுதல் பொருந்தாது; அக்குளிர்ந்த பாட்டுக்கு அவர் குரலே இயைந்தது என்பதே என் துணிபு. அப்பாட்டுக்கு முன்னிசையாக நின்ற ‘சிறியஸ்’ குரலே இல்லாதது. சிக்காகோ புல்ஸ் கூடைப்பந்தாட்டக் குழுவினர் களம்புகும்போது அதனை ஒலிக்கச் செய்ய, பாட்டை அறியாதாரும் அதனை அறிந்தனர்.

பதினோராவது இசைத்தட்டாகத் தொடங்கிய ‘ஃப்ரொய்டியானா’ 1990 இல் வியன்னா நகரில் இசைநாடகமாய் மேடையேறியது. இருவரும் பிரிந்தனர். பார்சன்ஸ் பின்னர் தம் பெயராற் கச்சேரிகள் நடத்தலானார். வூல்ஃப்சன் 2009 இல் மறையும்வரை இசைநாடகத்துறையிலேயே உழைத்தார்.