ஜெராய் மலையும் கடாரமும்: பினாங்கிலிருந்து ஒரே நாளில் பார்த்து வர ஒரு வழிகாட்டி

ஜார்ஜ்டவுன் – வானம் தெளிந்த காலையில் பட்டர்வொர்த் கரையிலிருந்து வடக்கே பார்த்தால், சமவெளியின் நடுவே தனியாக எழுந்து நிற்கும் நீல மலை ஒன்று கண்ணில் படும். அதுதான் கெடாவின் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். பினாங்குக் கொடிமலையைவிட ஏறக்குறைய 400 மீட்டர் அதிகம்.

பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த மலைக்குச் சென்று, குளிர்காற்று வாங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. மலையின் தென் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் கடாரம் அந்த வட்டாரம்தான். அருங்காட்சியகத்துக்கு மட்டும் சென்று, மலை ஏறாமல் வருவோரும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். எதை முதலில் பார்ப்பது என்பதைச் சரியாக முடிவு செய்தால் போதும்.

மலை முதலில், ஏன்?

முதல் காரணம் வானிலை. ஜெராய் கடலோரத்தில் தனித்து நிற்கும் மலை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மீது மோதி மேலெழும்பும்போது மேகமாகிறது. அதனால் காலையில் தெளிவாக இருக்கும் உச்சி, நண்பகலுக்குப் பிறகு மூடிக்கொள்வது வழக்கம். பிற்பகலில் மழையும் சேர்ந்துகொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மேலே போய்ச் சேர்பவர்கள் வெறும் வெண்புகையைத்தான் பார்க்க நேரிடும்.

இரண்டாவது காரணம், பார்ப்பது புரிய வேண்டும் என்பது. தெளிந்த நேரத்தில் மேலிருந்து பார்த்தால் மேற்கே கடலும், கடலை ஒட்டிய நெல்வயல்களும், தெற்கே வளைந்து கடலில் கலக்கும் மெர்போக் ஆறும் தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இதே மலைதான் கரை நெருங்கிவிட்டதற்கான அடையாளம். மலையைக் குறிவைத்து வந்த கப்பல்கள் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒதுங்கின; திரும்பிச் செல்ல, காற்று திசை மாறும்வரை காத்திருந்தன. அந்தக் காத்திருப்பில்தான் துறைமுகமும் சந்தையும் வழிபாட்டு இடங்களும் வளர்ந்தன. மேலிருந்து ஆற்றைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைபவருக்கு, அங்குள்ள கல்லும் மணியும் ஏன் அங்கே கிடைத்தன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எந்த நாள், எந்த வழி?

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆகவே சனிக்கிழமை இரு மாநிலத்தவரும் மலையில் கூடுவர். ஞாயிற்றுக்கிழமை கெடாவில் வேலை நாள் என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும். பினாங்கிலிருந்து செல்வோருக்கு ஞாயிறே வசதி.

காரில் செல்வோர் பாலத்தைக் கடந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குரூண் டோல் வரை செல்ல வேண்டும். நெரிசல் இல்லாத காலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் இல்லாதவர்கள் ஃபெரியில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து பாடாங் பெசார் செல்லும் கே.டி.எம். கொமூட்டர் ரயிலில் குரூண் நிலையத்தில் இறங்கலாம். ஃபெரியில் இப்போது பாதசாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே ஏற முடியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குரூணுக்குப் பிறகு வாடகைக் காரோ கிராப் வண்டியோதான் வழி. மலையிலிருந்து இறங்க வண்டி கிடைப்பது சிரமம் என்பதால், ஏற்றிச் சென்றவரிடமே திரும்பி வரும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மலைப்பாதையில் கவனம்

அடிவாரத்திலிருந்து மேலே தங்கும் விடுதி இருக்கும் இடம் வரை தார்ச்சாலை உண்டு. பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தச் சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். பெரிய பேருந்துக்கு ஏற்ற பாதை அன்று. ஆலயக் குழுவாகவோ பள்ளிக் குழுவாகவோ செல்வோர் வேன் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. தானியங்கிக் காராக இருந்தாலும் கீழ் கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

மேலே சமவெளியைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஒரு மேல்சட்டை எடுத்துச் செல்லலாம். சுங்கை தெரோய் வனப் பூங்காவும் வனவியல் அருங்காட்சியகமும் அங்கே உள்ளன. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருக்கின்றன. தடுப்பு போட்ட இடத்துக்கு அப்பால் செல்ல முயல வேண்டாம்.

அருவிக் குளியல் பற்றி ஓர் எச்சரிக்கை. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த கனமழையால் திடீர் வெள்ளம் பாய்ந்து, மரங்களையும் பாறைகளையும் யான் வட்டாரம் வரை அடித்து வந்தது. உயிர்கள் பறிபோயின. அருவி இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். மலையைக் கருமேகம் மூடியிருந்தாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோ, பிள்ளைகளை உடனே கரையேற்றிவிட வேண்டும். மேலிருந்து இரைச்சல் கேட்ட பிறகு பொருள்களை எடுக்க நேரம் இருக்காது.

கடாரத்தைப் பார்க்க

மலையிலிருந்து நண்பகலுக்குள் இறங்கி, பீடோங் பட்டணத்தில் மதிய உணவை முடித்துக்கொள்ளலாம். ஹார்வர்ட் போன்ற ரப்பர் தோட்டங்களால் தமிழர்கள் நிறைந்த வட்டாரம் இது. அங்கிருந்து மெர்போக் சாலையில் சென்றால் பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகம் வரும்.

மலாய் மொழியில் சண்டி எனப்படும் பழைய வழிபாட்டு இடங்களின் அடித்தளங்கள் இந்த வளாகத்தில் உள்ளன. வேறு இடங்களில் கண்டெடுத்து இங்கே கொண்டுவந்து அமைத்தவையும் உண்டு. இருந்த இடத்திலேயே நிற்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி. 1930களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இதை அகழ்ந்தனர். 1960ஆம் ஆண்டு வாக்கில் அலெஸ்டர் லேம்ப் தலைமையில் மீண்டும் அடுக்கிக் கட்டப்பட்டது. கருவறையும் அதற்கு முன் மண்டபமும் இருந்த அமைப்பை இன்றும் காணலாம். கூரை மரத்தால் ஆனது என்பதால் அது மிஞ்சவில்லை. தூண்கள் நின்ற கல் பீடங்கள் மட்டும் இருக்கின்றன. பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். பக்கத்தில் ஓடும் ஓடையில் கிடக்கும் பாறைகளைப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும்.

இங்கே பலர் சொல்லும் ஒரு செய்தியைத் திருத்திக்கொள்ள வேண்டும். இக்கோயில்களை ராஜேந்திர சோழன் கட்டினான் என்பது சரியல்ல. அவனுடைய கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025ஆம் ஆண்டு வாக்கில். இப்பள்ளத்தாக்கின் பழைய சான்றுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களில் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதியிருக்கிறார். இந்து சமயச் சின்னங்களோடு பௌத்தச் சின்னங்களும் இங்கே கிடைத்துள்ளன.

உறவு போரில் தொடங்கவும் இல்லை. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்ப, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழன் அதற்கு அளித்தான். அந்தச் செப்பேடு இன்று வரை இருக்கிறது. தோட்டப்புறத்துக்கு வந்த நம் முன்னோருக்கு வெகுகாலம் முன்பே தமிழர் இக்கரையை அறிந்திருந்தனர் என்பதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. இந்தச் சான்றுகளே போதும்.

இருப்பதைப் பார்த்துவிட

2013ஆம் ஆண்டு இறுதியில், 11ஆம் எண் கொண்ட சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. நாடு முழுவதும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆனால் இடித்த செங்கல் பழையபடி ஆகவில்லை. அதே நேரம் புதிய கண்டுபிடிப்புகளும் வருகின்றன. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரும்பு உருக்கிய இடங்களையும் படகுத்துறையையும் அகழ்ந்தனர். மலையின் மறுபக்கம் புக்கிட் சோராஸில் அண்மைய ஆண்டுகளில் புத்தர் சிலைகள் வெளிப்பட்டன. மக்கள் வந்து பார்க்கும் இடம்தான் கேள்வி கேட்பாரின்றி அழியாமல் இருக்கும். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்வதும் அந்தக் காவலில் ஒரு பங்குதான்.

நாளின் நேரக் கணக்கு

- காலை 6.00: ஜார்ஜ்டவுனிலிருந்து புறப்பாடு
- 7.30: குரூணில் பசியாறல், பெட்ரோல் நிரப்புதல்
- 8.30 – 11.30: மலை
- 12.30: பீடோங்கில் மதிய உணவு
- 2.00 – 4.00: அருங்காட்சியகம், சண்டிகள்
- 4.15: சுங்கை பட்டாணி வழியாக வீடு திரும்புதல்

ரயிலில் செல்வோர் புறப்படும் நேரத்தைக் கொமூட்டர் அட்டவணைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள் இரண்டு விவரங்களைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்: மலைச்சாலை திறந்திருக்கிறதா, அருங்காட்சியகம் அன்று எத்தனை மணிக்கு மூடும். மலையில் மழை என்று தெரிந்தால், அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மலையை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம்.