இல்லத்தாரிடம் சான்று பகர்தல்

அருளுரைப் பீடத்தில் நின்று பெருங்கூட்டத்திற்கு நற்செய்தி அறிவிக்கும் நாம், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மைத்துனரிடம் அதைப் பேச நாவெழாது தயங்குகிறோம். காரணம் வெளிப்படை. சபையார் நம் சொல்லைக் கேட்டவர்கள். இல்லத்தாரோ நம் சினத்தையும் குறைகளையும் உடனிருந்து கண்டவர்கள். எனவே இங்கு உரையாடலை எவ்வாறு தொடங்குவது என்பது, நம் வாழ்வைப் பற்றிய வினாவாகவும் அமைகிறது.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில், கெரசேனர் நாட்டில் நலம் பெற்றவன் இயேசுவுடன் செல்ல விரும்புகிறான். ஆண்டவரோ அவனைத் தன் இனத்தாரிடம் அனுப்புகிறார். அவனுக்கு அவர் கோட்பாடு எதையும் கற்பிக்கவில்லை. தான் பெற்ற இரக்கத்தை எடுத்துரைக்குமாறே பணிக்கிறார். இறையியல் பயின்ற நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகக் கோட்பாட்டிலிருந்து தொடங்கி, இரக்கத்தைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

1 பேதுரு 3:15ஐயும் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கு மறுமொழியைக் குறிக்கும் 'அப்போலொகியா' என்னும் கிரேக்கச் சொல் வழக்குமன்றத்தில் ஒருவர் அளிக்கும் விளக்கத்திற்கும் வழங்குவது. ஆயினும் அவ்வசனம் வழக்காடச் சொல்லவில்லை. நம் நம்பிக்கையைக் குறித்து ஒருவர் கேட்கும்போது, சாந்தத்தோடு விடை கூற ஆயத்தமாயிருக்கவே சொல்கிறது. அப்படியாயின், பிறர் கேட்கத் தூண்டும் வாழ்வு நம்மிடம் உண்டா என்பதே முதல் வினா.

நம் நாட்டுத் திருச்சபை வரலாறும் இதற்குச் சான்றாகும். வைணவப் பற்றில் வளர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மனமாற்றத்தில் நண்பர் தனுக்கோடி ராஜுவின் பங்கு பெரிது. கிறிஸ்தவச் சூழலில் பணியேற்றதற்கும் திருமுழுக்கிற்கும் இடையே ஐந்தாண்டுகள் கடந்தன. பின்னாளில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய பெருங்கவிஞருக்கே அத்துணைக் காலம் தேவைப்பட்டதெனில், நாம் ஒரு மாலைப்பொழுதில் அனைத்தையும் முடித்துவிட விரைவதேன்?

அவ்விரைவின் விலையை நாமும் அறிவோம். இளம் ஆயராயிருந்த நாளில், ஒரு துக்க வீட்டில் உறவினர் ஒருவரிடம் நித்திய வாழ்வைக் குறித்து வாதிட்டோம். அவர் தம் தாயை இழந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. வாதத்தில் நாம் வென்றோம். அதன்பின் பல ஆண்டுகள் அவர் நம்மிடம் மனந்திறந்து பேசவில்லை. அன்று தேவைப்பட்டது அருகிலமர்ந்து அவர் தாயைப்பற்றி அவர் சொல்வதைக் கேட்பதே. பிறருடைய துயரத்தை நம் வாய்ப்பாகக் கொள்வது சான்று ஆகாது.

இதனால் மௌனமே போதும் என்று முடிவுகட்டலாகாது. அந்திரேயா தன் சகோதரனைத் தேடிச் சென்று வாய்திறந்து சொன்னான். பிலிப்பு, நாத்தான்வேலின் ஐயத்தோடு வாதிடாமல், நேரில் வந்து காணும்படி அழைத்தான். செவிகொடுத்தல், நாம் பெற்றதைச் சுருங்கச் சொல்லுதல், வந்து காண அழைத்தல், பின் காத்திருத்தல் என்பதே நாம் பின்பற்றத்தக்க ஒழுங்கு.

ஆண்டவருடைய சகோதரரும் தொடக்கத்தில் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறது யோவான் 7:5. உயிர்த்தெழுதலுக்குப் பின்னரோ அவர்கள் மேலறையில் ஜெபிப்போருடன் காணப்படுகின்றனர். ஆண்டவரே தம் இல்லத்தாருக்காகக் காத்திருந்தார். ஊழியராகிய நாம் காத்திருக்கத் தயங்கலாமோ?