சாய்ந்து மாட்டிக் கொண்ட மரத்தை இறக்கும் முறை

புயலில் வேரோடு விழுந்துவிட்ட மரத்தால் அதிகத் தொல்லை இல்லை. பாதி விழுந்து, பக்கத்து மரத்தின் கவட்டையில் மாட்டிக் கொண்டு நிற்கும் மரம்தான் ஆளைக் கொல்லும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளிலும் சுற்று மாவட்டங்களிலும் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மாமரமும் பலாவும் ஊடே நிற்கும் தோப்புகளில் இத்தகைய காற்றுக்குப் பின் இந்த வேலை வந்தே தீரும்.

மரத்தை நெருங்குமுன் மின்கம்பி அதில் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டிருந்தால், மின்வாரிய ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை அருகே போகக் கூடாது.

தாங்கி நிற்கும் மாமரத்தை வெட்டினால் தென்னை தானே விழுந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. இரண்டு மரங்களின் பாரமும் வெட்டுகிறவர் தலைக்கு மேல் இருக்கிறது. எது எப்போது எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. சாய்ந்த மரத்தில் ஏறிக் காய் பறிப்பதும் கூடாது. பத்துக் காய் போனால் போகட்டும்.

அடிமரத்தைப் பின்னுக்கு இழுத்து, தலைப்பக்கத்தைத் தானாக வழுக்கி இறங்கச் செய்வதே சரியான முறை. முதலில் அடிமரத்தில் வடக்கயிற்றைக் கட்டிவிட வேண்டும். கயிறு மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்காவது நீளம் இருக்கட்டும். வேர்க்கட்டை இன்னும் மண்ணைப் பிடித்திருந்தால், அதற்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். வளைந்து புடைத்த பக்கத்தில் நார் விறைப்பாக இழுபட்டு நிற்கும். அங்கே முதலில் வாள் வைத்தால் மரம் பிளந்து அடிக்கும். உள்வளைந்த பக்கத்தில் ஆழமில்லாமல் ஒரு வெட்டுப் போட்டு, பிறகு எதிர்ப்பக்கத்தில் அறுக்க வேண்டும். பக்கவாட்டில் நின்றே அறுக்க வேண்டும். மரத்துக்கு அடியில் நிற்கக் கூடாது.

அறுபட்டதும் வேர்க்கட்டை சட்டென்று குழிக்குள் திரும்பி விழலாம். அந்தக் குழிப்பக்கம் பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக் கொள்வது அவசியம். கட்டைக்கு முன்பே முட்டுக் கொடுப்பது நல்லது.

டிராக்டரால் இழுப்பதானால் கயிற்றைப் பின்கொக்கியில் தாழ்வாகக் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்கிக் கொள்ளும். வேர்க்கட்டை வழியை மறித்தால் சற்று ஒதுக்கி இழுக்கலாம். உறுதியான வேறொரு மரத்தில் கப்பி கட்டி அதன் வழியே இழுத்தால் டிராக்டர் விலகி நிற்கலாம். கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும். அதன் நேரே யாரும் நிற்க வேண்டாம். மெதுவாக, விட்டுவிட்டு இழுப்பதே மேல்.

ஆளோ டிராக்டரோ அன்று கிடைக்காவிட்டால், சுற்றிலும் முள் வெட்டிப் போட்டு ஆடு மாடும் ஆட்களும் போகாமல் அடைத்து வைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. மட்கும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு மிஞ்சிய மரங்களின் குருத்தைத்தான் அது குடையும்.